ஆஸ்பத்திரியும் ஆசாரமும்

சென்ற மாதத்தில் நமது தோழர் ஒருவரின் மனைவியார் பிரசவத்திற்காக ஒரு ஜில்லா தலைநகரத்திலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். ஆபரேஷன் செய்து குழந்தை எடுக்கப்பட்டது என்று சேதி வந்ததன்மேல் நாமும் இரண்டொரு தோழர்களும் போய்ப் பார்த்து வந்தோம். தாயும் பெண் குழந்தையும் சுகமாகவே இருக்கின்றார்கள். அங்குள்ள டாக்டர்களும் நர்சுகளும் தங்கள் சக்திக்கு மேல் பாடுபடுகின்றார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நாம் இன்று எழுதப் புகுந்தது அவர்களைக் குறை சொல்லுவதற்காக அல்ல. அந்த ஆஸ்பத்திரிக்குள் நாம் கண்ட இரண்டு குழாய்களைப் பற்றித்தான் எழுதப் போகின்றோம்.

முதல் குழாய் பிரசவ வார்டில் இருக்கின்றது. முப்பது கட்டில்கள் உள்ள அந்த வார்டுக்குக் கை கழுவும் தொட்டி இரண்டு. ஒன்றில் குழாயையே கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள். மற்றொன்றில் குழாய் இருக்கின்றது. திருகினால் காற்று வருகின்றது. சோப்பு இரண்டு இடத்திலும் கிடையாது. கக்கூஸ் நான்கில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. மூன்றாவதற்குத் தாழ்ப்பாள் இல்லை. நான்காவதில் கால் வைக்க இடமில்லை. வயிற்றில் தையல் போட்டு இரண்டு நாளேயான பெண்கள், மாமியார் தோளையும் தாயார் தோளையும் பிடித்துக் கொண்டு, வாளித் தண்ணீர் வரும் வரையில் சுவரோரமாய்க் காத்து நின்று அங்கே போய் வருகின்றார்கள். அந்த வாளித் தண்ணீரும் கீழே முற்றத்திலிருந்து மாடிப்படி ஏறி வரவேண்டும். குடிப்பதற்கு என்றாலோ வாசலிலுள்ள கடையில் பாட்டில் பாட்டிலாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிரசவத்திற்கு ஒரு காசும் வாங்குவதில்லை என்று சர்க்கார் சொல்லுகின்றது. அது உண்மைதான். ஆனால் பிரசவித்தவளின் தாகத்திற்கு அவள் புருஷன் தினந்தோறும் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துத் தீர வேண்டியிருக்கின்றது.

இரண்டாவது குழாய் ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே, மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கின்ற பிள்ளையார் கோயிலில் இருக்கின்றது. சர்க்கார் நிலத்தில், யாரோ பக்தர்கள் கட்டி வைத்த கோயில். தரைக்கு வழவழப்பான கல் போட்டிருக்கின்றார்கள். பக்கத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி, அதற்குத் தனி மோட்டார், பளபளவென்று மூன்று குழாய்கள், அவற்றின்மேல் உபயதாரர் பெயர். மூன்றிலும் இரவும் பகலும் தண்ணீர் வருகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் அபிஷேகம் நடக்கின்றது.

நமது தோழரின் தாயார், வயது அறுபதுக்கு மேற்பட்டவர், மாடி ஏறி இறங்க முடியாமல், கிட்டத்தில் இருக்கின்றதே என்று ஒரு வாளியை எடுத்துக் கொண்டு அந்தக் கோயில் குழாயண்டை போயிருக்கின்றார். அங்கு இருந்த ஒருவர், “எந்த வார்டும்மா?” என்று கேட்டிருக்கின்றார். “பிரசவ வார்டுங்க. பேத்தி பொறந்திருக்கு” என்று அந்த அம்மாள் சந்தோஷமாகவே சொல்லியிருக்கின்றார். “பிள்ளைத் தீட்டோட வந்து சாமி குழாயத் தொடலாமா? வயசானவதானே, தெரிய வேண்டாம்? அங்கிட்டுப் போம்மா” என்று பதில் வந்தது. அந்த அம்மாள் வெறும் வாளியோடு திரும்பி வந்துவிட்டார்.

இதை அவர் நம்மிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே இல்லை. “நாமதான் யோசிக்காமப் போயிட்டோம்” என்று தன்மேலேயே குற்றத்தைப் போட்டுக் கொண்டார். தோழர்களே! நம்மை இந்த வியாசம் எழுதத் தூண்டியது அந்தக் கோயில்காரரின் வார்த்தை அல்ல. இந்த அம்மாளின் வார்த்தைதான். தன் வீட்டில் ஓர் உயிர் பிறந்ததைத் தான் செய்த அசுத்தமாக ஒரு கிழவி நம்பும்படி எத்தனை நூற்றாண்டு காலமாக இந்த நாட்டில் பாடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சுத்தம் வேறு, மடி வேறு

உலகத்திலேயே சுத்தத்தைப் பற்றி அதிகமாகப் பேசுகின்ற நாடு நம் நாடுதான் என்று வைதிகர்கள் பெருமை அடித்துக் கொள்ளுகின்றார்கள். ஸ்நானம், ஆசமனம், மடி, விழுப்பு, எச்சில், பத்து, தீட்டு என்று நமக்கு இருக்கின்ற வார்த்தைகள் வேறு எந்த ஜாதியாருக்கும் இல்லை என்கின்றார்கள். வாஸ்தவம். ஆனால் இத்தனை வார்த்தைகளும் இருக்கின்ற நாட்டில் பிரசவ வார்டில் ஏன் சோப்பு இல்லை என்று கேட்கின்றோம். வார்த்தைக்குக் குறைவில்லாத இடத்தில் வஸ்துவுக்கு மாத்திரம் ஏன் பஞ்சம் வரவேண்டும்?

காரணம் வெளிப்படையானது. சுத்தம் என்பது எதை அப்புறப்படுத்தினோம் என்பதைப் பொறுத்தது. மடி என்பது யார் தொட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கையில் அழுக்கும் கொழுப்பும் ஒட்டிக் கொண்டிருக்கின்றன; அவற்றைப் பற்றிக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. சோப்பு அந்தக் கொழுப்பைப் பிரித்து விடுகின்றது. ஓடுகின்ற தண்ணீர் அதை அடித்துக் கொண்டு போய்விடுகின்றது. இதற்கு 40 முதல் 60 விநாடி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குச் சொல்லியிருக்கின்றார்கள். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்க்க வேண்டும். இதில் மந்திரத்துக்கு வேலை இல்லை. ஜாதிக்கும் வேலை இல்லை. பார்ப்பனர் கையானாலும் பஞ்சமர் கையானாலும் சோப்புக்கு ஒன்றுதான்.

மடியிலோ இப்படி அல்ல. மூன்று சொட்டுத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக் கொண்டால் போன தீட்டு போனதுதான். மாட்டு மூத்திரத்தையும் சாணியையும் கலந்து குடித்தாலும் சுத்தமாகலாம். ஆனால் குளித்து முழுகிச் சலவை வேஷ்டி கட்டிக் கொண்டு வந்த ஒரு தாழ்த்தப்பட்ட தோழர் தொட்டுவிட்டால் அந்த இடம் கெட்டுப் போய்விடும். அதாவது கிருமி இருக்கின்ற இடத்தில் தீட்டு இல்லை. கிருமி இல்லாத இடத்தில் தீட்டு இருக்கின்றது. இப்படிப்பட்ட தலைகீழ்ப் பாடத்தை ஜனங்கள் பிறந்தது முதல் படித்து வந்தால் ஆஸ்பத்திரித் தொட்டியில் தண்ணீர் வருகின்றதா என்று கேட்பதற்கு அவர்களுக்கு எப்படிப் புத்தி வரும்?

இப்பொழுது பிரசவத்திற்கு நாள் நட்சத்திரம் பார்த்து, ஜோசியரிடம் முகூர்த்தம் குறித்துக் கொண்டு வந்து, “இந்த நேரத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துக் கொடுங்கள்” என்று டாக்டரைக் கேட்கின்ற படித்த முட்டாள்கள் நம்மிடையே பெருகியிருக்கின்றார்கள். வியாழன் எந்த வீட்டில் இருக்கின்றது என்று பார்த்து வருகின்ற இந்தப் பேர்வழிகளில் ஒருவராவது, “டாக்டர் கை கழுவத் தண்ணீர் வருகின்றதா?” என்று கேட்டதுண்டா? பிள்ளையின் ஆயுளை நிர்ணயிப்பது குருவின் பார்வையா, குழாயின் தண்ணீரா?

வியன்னாவில் நடந்தது

இது ஏதோ நாம் கோபத்தில் சொல்லுகின்ற வார்த்தை என்று யாரும் கருத வேண்டியதில்லை. இந்தப் பரீட்சை ஐரோப்பாவில் நடந்து முடிந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகின்றது.

ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரப் பொது ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் வைத்திய மாணாக்கர்களும், இரண்டாவதில் மருத்துவச்சி வேலை பழகும் பெண்களும் பிரசவம் பார்த்தார்கள். 1846-ஆம் வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் பிரசவ ஜுரத்தால் செத்தார்கள். இரண்டாவதில் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. இந்தச் சங்கதி ஊரெல்லாம் தெரிந்திருந்தது. முதல் பிரிவில் தங்களைப் போட வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள். போகின்ற வழியில் தெருவிலே பெற்றுக் கொண்டு வந்தவர்கள்கூட முதல் பிரிவில் பெற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள்.

பெரிய பெரிய பண்டிதர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். காற்று கெட்டிருக்கின்றது என்றார்கள். வானத்திற்கும் பூமிக்கும் உள்ள ஏதோ ஒரு சக்தி என்றார்கள். அதே வானமும் பூமியும்தானே பக்கத்துப் பிரிவுக்கும் என்று கேட்பாரில்லை. அங்கு வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் மாத்திரம் ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்த்தார். சாகக் கிடப்பவர்களுக்குச் சடங்கு செய்ய வருகின்ற பாதிரியார், மணி அடிக்கின்றவர் முன்னே போக, முதல் பிரிவின் வழியாகப் போவது வழக்கம். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து சாகின்றார்களோ என்று ஒரு சந்தேகம். அவர் பாதிரியாரை வேறு வழியாக, மணி இல்லாமல் வரும்படி கேட்டுக் கொண்டார். பாதிரியாரும் சம்மதித்தார். சாவு ஒன்றும் குறையவில்லை. ஆகவே கடவுளின் மணி அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ருஜுவாயிற்று.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கொலெச்கா என்ற டாக்டர், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமாகி, அதே பிரசவ ஜுரத்தைப் போன்ற வியாதியால் செத்தார். செம்மல்வைசுக்கு விளங்கிவிட்டது. மாணாக்கர்கள் பிரேதத்தை அறுத்த கையோடு நேரே வந்து பிரசவம் பார்க்கின்றார்கள். மருத்துவச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. அந்த வருஷம் மே மாத நடுவிலிருந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று. ஜூலையில் 1 ஆயிற்று. 1848 மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அந்தப் பிரிவில் ஒரு தாயும் சாகவில்லை.

இதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? தங்கள் கைதான் தாய்மார்களைக் கொன்றது என்று ஒப்புக்கொள்ள மேதாவிகளுக்கு மனம் வரவில்லை. 1849-ல் அவருடைய உத்தியோகம் நீட்டிக்கப்படவில்லை. 1865-ல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டுச் செத்தார். பிறகு 1879-ல் பாஸ்டர் அந்த ஜுரத்தின் கிருமியையே காட்டியபோதுதான் உலகம் வாயை மூடிக் கொண்டது.

கிரிமியா யுத்தத்தில் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியிலும் இந்தக் கதைதான். 1855 பிப்ரவரியில் அங்கு சேர்ந்த சிப்பாய்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் செத்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து, கட்டடத்திற்குக் கீழே அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவி, தண்ணீர் வழியைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் வைத்தது. ஜூனுக்குள் சாவு நூற்றுக்கு இரண்டளவாக இறங்கிவிட்டது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறகு தம் ஆயுள் முழுவதும் கணக்குகளைக் காட்டி வாதாடியதெல்லாம் இந்தச் சாக்கடையையும் தண்ணீரையும் காற்றையும் பற்றித்தான். ஆனால் நம்மவர்கள் அந்த அம்மையாரின் கையிலிருந்த விளக்கை மாத்திரம் படம் போட்டு மாட்டிக் கொண்டு, கணக்கை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தது

வியன்னாவில் கை கழுவாததால் செத்தார்கள். நம் நாட்டிலோ தீட்டு என்று ஒதுக்கி வைத்ததால் செத்தார்கள். பிள்ளை பெறுகின்றவளை வீட்டின் பின்கட்டில், காற்றில்லாத அறையில், கிழிந்த சாக்கின்மேல் போட்டார்கள். தீட்டு படிந்த துணியைத் தூர எறியத்தானே வேண்டும் என்று உள்ளதில் மோசமான கந்தலை அவளுக்குக் கொடுத்தார்கள். தொப்புள் கொடியை அறுக்க அகப்பட்ட அரிவாளோ மூங்கில் சிம்போ எடுத்தார்கள். அறுத்த வாயில் சாணியும் சாம்பலும் வைத்தார்கள். எட்டு நாளைக்குள் பிள்ளை தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து செத்தால் காற்று அடித்தது என்றும், பேய் பிடித்தது என்றும், போன ஜன்மத்து வினை என்றும் சொன்னார்கள். அது சாணியிலும் மண்ணிலும் இருக்கின்ற இசிவுக் கிருமி என்று சாஸ்திரம் ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

அந்தச் சாவு எப்படி ஒழிந்தது? கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதாலும், சுத்தமான பிளேடால் கொடி அறுத்ததாலும், பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பெற ஆரம்பித்ததாலும் ஒழிந்தது. 2015-ஆம் வருஷத்தில், தாய்க்கும் சிசுவுக்கும் வருகின்ற இசிவு நோய் பொதுஜன சுகாதாரத் தொல்லை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் நீங்கிவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. எந்தச் சங்கராச்சாரியும் எந்த ஆதீனமும் இதற்கு ஒரு யாகம் செய்யவில்லை. வீடு வீடாய் நடந்த நர்சு அம்மாள்கள் செய்தார்கள்.

பெண்களைப் பின்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தது பெரிய ஜெயம். ஆனால் பின்கட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? தண்ணீரில்லாத தொட்டியும், தாழ்ப்பாளில்லாத கக்கூசும், “தீட்டு, தொடாதே” என்கின்ற குழாயும்தான் அந்தப் பின்கட்டு.

யார் கழுவுவது?

இனி இந்த வியாதியின் வேருக்கு வருவோம். ஆஸ்பத்திரிக் கக்கூஸ் ஏன் நாறுகின்றது? அதைக் கழுவுவது ஒரு ஜாதியின் வேலை என்று இந்த நாடு தீர்மானித்து வைத்திருப்பதால்தான் நாறுகின்றது. எது ஒரு ஜாதியின் தலையெழுத்தோ அதற்கு நல்ல சம்பளம் கிடையாது. நல்ல கருவி கிடையாது. அது கெட்டுப் போனால் ஒரு அதிகாரிக்கும் வெட்கம் கிடையாது. ஆபரேஷன் விளக்கு அணைந்தால் பெரிய டாக்டர் ஓடி வருகின்றார். கக்கூஸ் அடைத்துக் கொண்டால், “அந்த ஆளைக் கூப்பிடு” என்கின்றார்கள். அந்த ஆளுக்குக் கொடுத்திருப்பது ஒரு துடைப்பமும் ஒரு வாளியும்.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுத்து 2013-ல் சட்டம் வந்துவிட்டது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தாகிவிட்டது என்கின்றது. ஆனால் நாம் பார்த்த ஆஸ்பத்திரியில், குத்தகைக்காரரின் கீழ் தினக்கூலிக்குச் சுத்தம் செய்கின்ற பெண்களை நம் தோழர் பேச்சுக் கொடுத்து விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றார்கள் என்பது தெரிந்தது. அந்தத் தெருக்களின் பெயரை நாம் எழுத வேண்டியதில்லை. வாசகர்களுக்கு அவரவர் ஊரிலேயே தெரியும். ரத்தம் தோய்ந்த பஞ்சையும், கழற்றிய ஊசியையும் அவர்கள் அள்ளுகின்றார்கள். கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாய்ப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் விதி செய்தார்கள். நிறம் நான்கு வந்துவிட்டது, கையுறைதான் வரவில்லை. ஒருவர் கையில் இருந்த கையுறை மூன்று நாளைக்கு முன் கொடுத்ததாம்.

இந்தத் தொழிலாளர்களுக்கு மரியாதை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில் பிரயாகைக் கும்பமேளாவில் பிரதம மந்திரி தோழர் மோடி அவர்கள் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைத் தம் கையாலேயே கழுவிப் படம் எடுத்துக் கொண்டார். 2020 மார்ச் 22-ந் தேதி கொரோனாவுக்காக உழைக்கின்றவர்களுக்கு நன்றி என்று தேசம் முழுவதும் தட்டையும் மணியையும் தட்டச் சொன்னார். மே மாதம் 3-ந் தேதி ஹெலிகாப்டர்களிலிருந்து ஆஸ்பத்திரிகளின்மேல் பூப் போட்டார்கள். நம் மாகாணத்திலும் அந்த வருஷத்தில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். நல்லது. கால் கழுவியாயிற்று, பூப் போட்டாயிற்று, பெயரும் வைத்தாயிற்று. அவர்கள் கேட்டது கையுறையும், காலுக்குப் பூட்சும், நிலையான சம்பளமும், வேலை முடிந்து தாங்கள் குளிக்க ஓர் அறையும் அல்லவா? பக்தனுக்குப் பாதபூஜை தெரியும். தொழிலாளிக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கொடுக்கத் தெரியாது.

இதில் வைதிகர்களை மாத்திரம் குற்றம் சொல்லித் தப்பித்துக் கொள்ள நாம் விரும்பவில்லை. பார்ப்பனரல்லாதார் என்று மார்தட்டிக் கொள்ளுகின்ற நம்மவர்களும், பிள்ளைத் தீட்டு பார்ப்பதிலும், கக்கூஸ் கழுவ வந்த பெண்ணுக்குத் தனி டம்ளர் வைப்பதிலும் ஒரு பார்ப்பனருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அந்தக் கோயில் குழாயண்டை நின்று விரட்டியவர் பார்ப்பனர் அல்ல என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவைக்கின்றோம்.

சொல்லப்படும் சமாதானங்கள்

பணம் இல்லை என்பார்கள். 30 கட்டில் வார்டுக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். உள்ளே தங்கும் நோயாளிக்குத் தினம் 40 முதல் 60 லிட்டராவது வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் குறைந்த அளவு வகுத்தது. அதன்படி 30 கட்டிலுக்கு 1,200 முதல் 1,800 லிட்டர். 15 லிட்டர் வாளியில் 80 முதல் 120 வாளி. இதைத்தான் இன்று மாமியார்களும் தாயார்களும் படியேறிச் சுமக்கின்றார்கள். நம் இந்தியத் தர விதியோ 100 கட்டிலுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு 450 லிட்டர் என்கின்றது. அதாவது அந்த வார்டுக்கு மாத்திரம் 13,500 லிட்டர். விதி எழுதும்போது 450, திருகும்போது காற்று. தனி மோட்டார் வைத்துக் கோயில் தொட்டியை நிரப்பப் பணம் கிடைக்கின்ற ஊரில் மாடித் தொட்டியை நிரப்பப் பணம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? உலகத்தின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் அடிப்படைத் தண்ணீர், சுகாதார வசதி செய்வதற்குத் தலைக்கு வருஷம் ஒரு டாலருக்கும் குறைவாகவே ஆகும் என்று மதிப்பிட்டிருக்கின்றார்கள். அந்த நாடுகளைவிடவா நாம் ஏழை?

ஜனங்களே அசுத்தம் செய்கின்றார்கள் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தண்ணீரில்லாத கக்கூசில் எந்தச் சீமான் போனாலும் அசுத்தம்தான் செய்துவிட்டு வருவார். முதலில் தண்ணீரை வைத்து, பிறகு ஜனங்களுக்குப் புத்தி சொல்லலாம்.

பரிசுத் திட்டம் இருக்கின்றதே என்பார்கள். சுத்தமான ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் 2015 முதல் நடக்கின்றது. அதனால் சில இடங்களில் நன்மை ஏற்பட்டிருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பார்வையாளர் வருகின்ற நாளைக்குச் சோப்பு வந்து, போன மறுநாள் சோப்பும் போய்விடுகின்ற இடங்களும் உண்டு. சோப்பு என்பது பரிசுக்குரிய சாகசமா? ஆபரேஷன் கத்தி வைத்திருப்பதற்குப் பரிசு கொடுப்பதுண்டா?

மற்ற நாடுகளிலும் இப்படித்தானே என்பார்கள். வாஸ்தவம். நோயாளியைக் கவனிக்கும் இடத்திலும் கக்கூசிலும், இரண்டிலும் கை கழுவ வசதி உள்ள ஆஸ்பத்திரிகள் உலகத்தில் பாதிதான் என்று 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் அறிக்கை வெளியிட்டன. ஒருவித வசதியும் அடியோடு இல்லாத இடங்களை நம்பி 68 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இருக்கின்றார்கள் என்றும் கண்டிருக்கின்றது. ஆனால் அங்கெல்லாம் தண்ணீர் இல்லாததால் தண்ணீர் இல்லை. நம் ஆஸ்பத்திரியிலோ தண்ணீர் வந்து, வாசலிலேயே கோயிலில் நின்றுவிட்டது. வித்தியாசம் இதுதான்.

செய்ய வேண்டியது

1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், வணக்கத்துக்காகப் பணம் செலவழிக்கலாகாது என்று நாம் தீர்மானித்தோம். நாத்திகம் என்று அப்போது கூச்சலிட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் அர்த்தம் என்ன என்பதை இன்று எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று பார்க்கலாம். ஆகவே சர்க்காரையும் பொதுஜனங்களையும் நாம் கேட்டுக் கொள்ளுவதாவது:

1. நோயாளியைத் தொடுகின்ற ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு கக்கூசிலும், தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும். கட்டிலண்டையில் கை தேய்க்கும் ஆல்கஹால் மருந்து வைக்க வேண்டும். மருந்து இல்லாத ஆஸ்பத்திரி எவ்வளவு குற்றமோ சோப்பு இல்லாத ஆஸ்பத்திரியும் அவ்வளவு குற்றம் என்று கொள்ள வேண்டும்.

2. தங்கும் நோயாளிகள் 20 பேருக்கு ஒரு கக்கூசாவது, பெண்களுக்குத் தனியாக, தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும், துணியும் பஞ்சும் போடுவதற்கு மூடியுள்ள தொட்டியும் வைத்து ஏற்படுத்த வேண்டும். பூட்டி வைத்திருப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

3. சுத்தம் செய்கின்றவர்களை ஆஸ்பத்திரியின் நிரந்தரச் சிப்பந்திகளாக்கி, கையுறை, பூட்ஸ், மஞ்சள்காமாலைத் தடுப்பு ஊசி, குளிக்கும் அறை எல்லாம் கொடுக்க வேண்டும். எல்லா ஜாதியாரையும் அந்த வேலைக்கு எடுக்க வேண்டும். மற்ற ஜாதியார் வராவிட்டால் வரும் அளவுக்குச் சம்பளத்தை உயர்த்த வேண்டும்.

4. ஆஸ்பத்திரி நிலத்தில் பிள்ளையார் கோயிலானாலும், மாதா கெபியானாலும், தர்காவானாலும் இருக்கக் கூடாது. இருக்கின்றவற்றின் தொட்டியையும் மோட்டாரையும் முதல் காரியமாக வார்டுக் குழாயோடு இணைத்துவிட வேண்டும். உபயதாரர் பெயர் வேண்டுமானால் அப்படியே இருக்கட்டும். உண்மையான புண்ணியம் அவருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பமாகும்.

5. எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர், எத்தனை கக்கூஸ், எத்தனை திறந்திருக்கின்றது என்பதைத் தினமும் எழுதி வாசலில் பலகை தொங்கவிட வேண்டும். அந்தந்த ஊர்ச் சுயமரியாதைத் தோழர்கள் வாரம் ஒரு முறை போய்ப் பலகையைக் குழாயோடு ஒத்துப் பார்த்து நமக்கு எழுத வேண்டும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா! நீங்கள் பெற்றது பிள்ளை, தீட்டு அல்ல. உங்கள் பேத்தி பிறந்ததால் ஒரு குழாயும் கெட்டுப் போகாது. அடுத்த முறை யாராவது “எந்த வார்டு?” என்று கேட்டால், “பிரசவ வார்டு, தள்ளி நில்லு, தண்ணீர் பிடிக்கணும்” என்று சொல்லி வாளியை வையுங்கள். நம் தோழரின் தாயார் அப்படிச் செய்வதாக நம்மிடம் சொல்லவில்லை. கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் நாம் புறப்படும்போது, “இந்தத் தடவை நீங்களும் கூட வாங்க” என்று வாளியை எடுத்தார். போனோம், பிடித்துக் கொண்டு வந்தோம். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.